ஞானேஸ்வரி ஊற்றிய இரண்டு வாளி மஞ்சள் தண்ணீர்

டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் ஞானேஸ்வரிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கொன்றோல் அக்கா. கொன்றோல் என்றால் டெனிஷில் சோதனை. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லவும் ஏலாது. ஒரு கலியாண வீட்டில், தாலி கட்ட அரை மணித்தியாலம் இருக்கும்போது, மணப்பெண்ணின் கூறைக் கரையை விரலால் தடவி, "பிள்ளை, இஞ்சை ஒரு நூல் விட்டிருக்கு" என்று சொன்னவள் அவள்தானே! கோயில் அன்னதானத்தில் பருப்பைக் கண்டால் கல் இருக்கிறதா என்று பார்ப்பாள். கடையில் முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையாகத் திருப்புவாள். பின்னால் நிற்கிற டெனிஷ்காரர் பெருமூச்சு விட்டால் விடட்டும்.

அது அவளுடைய தொழில். தொண்ணூற்றிரண்டில் நவரத்தினத்தைக் கைப்பிடிக்க இந்த ஊரில் வந்து இறங்கியவளை நாலாம் மாதமே ஒரு தையல் தொழிற்சாலையில் கடைசி மேசையில் இருத்திவிட்டார்கள். தைத்து முடிந்த உடுப்பு அவளிடம் வரும். பிழை இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அவள் டெனிஷில் முதன்முதலாகப் பிசகில்லாமல் சொன்ன வசனமே "இது சரியில்லை, திரும்பக் கொண்டு போ" என்பதுதான். பிறகு தையல் வேலையெல்லாம் வேறு நாட்டுக்குப் போய்விட, பக்கத்து ஊரில் ஜன்னல் செய்கிற தொழிற்சாலைக்குப் போனாள். அங்கேயும் கடைசி மேசைதான். ஜன்னலை மூடி, இடுக்கில் ஒரு கடதாசித் துண்டைச் செருகி இழுத்துப் பார்க்க வேண்டும். கடதாசி சும்மா வழுகி வந்தால் நாளைக்குக் குளிரும் அந்த வழியால் வரும். இப்படி முப்பது வருடத்துக்கு மேலாக மற்றவர்களுடைய பிழையைத் தேடிப் பிடித்தே சாப்பிட்டவள்.

இவ்வளவு காலமும் வாடகை வீடு, மூன்றாம் மாடி. முழங்கால் முனகத் தொடங்கியபிறகுதான், சொந்தமாக ஒரு நிலவீடு எடுப்பம் என்ற கதை வந்தது. ஊர் எல்லையில் ஒரு காணித் துண்டு கிடைத்தது. அதில் கல் வைத்துக் கட்டவில்லை. தொழிற்சாலையில் முழுதாகச் செய்து, சுவர், ஜன்னல், குளியலறை, கழிவறைக் கோப்பை வரைக்கும் பொருத்தி, இரண்டு பாதியாக லொறியில் ஏற்றி வந்து, கிரேனால் தூக்கி வைத்துப் பூட்டுகிற வீடு. ஒரு றாத்தல் பாணை நடுவால் வெட்டி, பிறகு சேர்த்து வைத்த மாதிரி.

"இஞ்சேரப்பா, வீட்டைப் பார்சலிலை எடுப்பிச்சனாங்கள் எண்டு சொன்னால் ஆரும் நம்புவினமே?" என்று நவரத்தினம் சிரித்தார். அவர் அப்படித்தான். உள்ளூர் பஸ் ஓட்டி ஓய்வெடுத்த மனிதர், எதையும் வந்த வழியில் விடுகிறவர்.

ஞானேஸ்வரி விடுவாளா? ஒரு கொப்பியை எடுத்து, புது வீட்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று தமிழும் டெனிஷுமாக எழுதத் தொடங்கினாள். கதவு தானாகத் திறக்குதா, தானாகச் சாத்துதா. எதுவும் செய்யாமல் நிற்கிற கதவுதான் நல்ல கதவு. ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் கடதாசித் துண்டு. குளியலறையில் தண்ணீர் ஊற்றினால் ஓட்டைப் பக்கம் ஓடுதா, வாசல் பக்கம் ஓடுதா. பிளக்கு எல்லாவற்றிலும் கரண்ட் வருதா. கூரைத் தகடு, பீலி, கொங்கிறீட் கால்களுக்கு மேலே வீடு நிற்பதால் அடியில் காற்றோட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில், இரண்டு கோடு கீறி: "ரெண்டு பாதியும் சேருற இடம்."

அந்தச் சேர்வைதான் அவளுக்கு நித்திரையில்லாமல் செய்தது. வீடு வந்து இறங்கிய கிழமையே வேலைத்தளப் பொறுப்பாளன் கெல்டைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வயதுப் பொடியன், சிவந்த தாடி, நல்ல குணம். கூடம், நடைவழி, படுக்கையறை என்று வீட்டின் நீளத்துக்கும் தரையில் ஓடிய மரப்பட்டியைக் காட்டி, "இதுக்குக் கீழே என்ன?" என்று டெனிஷில் கேட்டாள்.

"காற்றும் ஈரமும் புகாத நாடா ஒட்டியிருக்கிறோம். தரையிலிருந்து சுவர், கூரை எல்லாம் சுற்றி வருகிறது."

"கண்டாயா?"

"என் ஆட்கள் ஒட்டினார்கள்."

ஞானேஸ்வரி குனிந்து பட்டியின் நீளத்துக்கும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. கொப்பியில் அந்த வரிக்குப் பக்கத்தில் சரி போட்டாள்.

ஒப்படைப்பு நாள் ஒரு செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. அன்றைக்கு இரண்டு பகுதியும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, பிழைகளை எழுதி, கையெழுத்து வைத்தால்தான் திறப்பு கைக்கு வரும். அவள் தன் பக்கத்துக்கு லோனெ என்ற கட்டட நிபுணரையும் ஒழுங்கு பண்ணியிருந்தாள். எல்லாம் சரி. ஆனால் நாட்காட்டியைப் பார்த்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. அந்தச் செவ்வாய்க்கு முன்னமே வைகாசி முடிகிறது! ஆனி பிறந்துவிட்டால் பால் காய்ச்சிக் குடிபூரலுக்கு ஆகாது, ஆடியைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. ஆவணி மட்டும் பொறுத்திருக்க வாடகை வீட்டுக்காரன் விடமாட்டான்; ஜூன் கடைசியில் வெளிக்கிட வேண்டும். கோயில் ஐயரைக் கேட்டால், வைகாசியில் மிஞ்சிக் கிடப்பது வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து பத்து மணி வரைக்கும் ஒரேயொரு முகூர்த்தம் என்றார்.

கெல்டிடம் போனாள். பால் காய்ச்சுவது என்றால் என்ன, நேரம் என்றால் என்ன என்று கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினாள். அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ, திறப்பைக் கழற்றிக் கொடுத்தான்.

"ஒரு மணித்தியாலம். பாலைச் சூடாக்குங்கள், கும்பிடுங்கள், போங்கள். வேறொன்றும் பாவிக்கக்கூடாது. வீடு இன்னும் எங்கள் பொறுப்பில் இருக்கிறது. ஒப்படைக்க முதல் நீங்கள் பாவித்துப் பழுதானால் அது உங்கள் தலையில் வரும்."

"நான் என்னத்தைப் பழுதாக்கப் போறன்?" என்றாள் கொன்றோல் அக்கா.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே போய்விட்டார்கள். புது இன்டக்‌ஷன் அடுப்பில் மண்பானை சூடேறாது என்று காம்பிங் காஸ் அடுப்பு, பானை, பால், நிறைகுடத்துக்குத் தேங்காய், மாவிலைக்குப் பதிலாக மாவிலை மாதிரி ஏதோ ஒரு இலை எல்லாம் காரில் இருந்தது. நவரத்தினம் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்க, ஞானேஸ்வரி முதலில் உள்ளே போனாள். போய்ப் பார்த்தால் கூடத்துப் பலகைத் தரை முழுக்கச் சப்பாத்துத் தடம். சீமெந்துத் தூள், மரத்தூள், மூலையில் ஆரோ குடித்துவிட்டுப் போட்ட கோப்பித் தாள்குவளை. இந்தக் குப்பைக்குள் பால் காய்ச்சுவதா? அடுத்த வீட்டில் ஒருத்தி இப்படிச் செய்தால் கேட்டுவிட்டு வருவாளே இவள்!

மஞ்சள் தண்ணீர் தெளிக்கத்தான் வாளியை எடுத்தாள். கடவுள் சத்தியமாகத் தெளிக்கத்தான். முதலில் விரலால் தெளித்தாள். தடம் போகவில்லை. கையால் அள்ளி விட்டாள். தூள் சேறானது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளுக்கே சரியாக ஞாபகம் இல்லை. பிறந்த வீட்டில் விசேஷத்துக்கு முதல்நாள் சீமெந்துத் தரையில் வாளி வாளியாக ஊற்றித் தும்புத்தடியால் தள்ளின கை அது. முப்பது வருடம் பிழிந்த துணியால் துடைத்த பழக்கத்தை அந்தக் கை ஒரு நிமிடத்தில் மறந்துபோனது. ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைக் கூடத்தின் நடுவில் கவிழ்த்தாள். பிறகு இன்னொன்று. றப்பர் தடியை எடுத்து முற்றத்துக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

நவரத்தினம் பானையோடு வந்து வாசலில் நின்றார். "என்ன கண்டறியாத வேலையப்பா இது? மரத்துக்குத் தண்ணி வாக்கிறீரே?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த றப்பர் தடியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அதைவிட மோசமான ஒன்று கண்ணில் பட்டது. ஊற்றியது இரண்டு வாளி. கதவால் வெளியே போனது அரை வாளிகூட இல்லை. மிச்சத் தண்ணீர் எங்கே?

நேரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேருமாக இருந்த துவாய், சால்வை எல்லாவற்றாலும் ஒத்தி எடுத்தார்கள். ஒன்பதரைக்குப் பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக, நுரைத்து, பார்க்கிற ஆட்கள் கைகூப்புகிற மாதிரிப் பொங்கியது. ஞானேஸ்வரிக்கு அதைப் பார்க்கக் கண் இல்லை. அவள் கண் தரையில் இருந்தது.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மகள் நிறோஷினி ஓகூஸ் நகரத்திலிருந்து வந்து, வீட்டோடு தந்த கையேட்டை வாசித்தாள். வாசித்துவிட்டு, "மோர், அல்ட்சோ!" என்றாள். அம்மா, உங்களுக்கென்ன பிடித்தது என்று அர்த்தம். தரையில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பெரிய எழுத்தில், படத்தோடு, குறுக்குக் கோடு போட்டு அதில் இருந்தது. தண்ணீர் கீழே நின்றால் பலகை ஊதும், பூஞ்சணம் பிடிக்கும், தளம் முழுவதையும் கிளப்ப வேண்டிவரும்.

"பேசாமல் இரும்," என்றார் நவரத்தினம். "நாலு நாளிலை காஞ்சிடும். ஆர் கண்டது?"

"லோனெயிட்டை ஈரம் பார்க்கிற மெசின் இருக்கு."

"அது பிடிச்சால் பேந்து பாப்பம். நீராய் வாயைக் குடுக்காதையும். நாங்கள் பாவிச்சுப் பழுதாக்கினது எண்டு கெல்ட் எழுதினான் எண்டால், இனி அந்த வீட்டிலை எது பழுதெண்டாலும் எங்கடை தலையிலை கட்டிப்போடுவாங்கள்."

அது உண்மை. இத்தனை வருடம் காத்திருந்த வீட்டை, கைக்கு வருமுன்னமே தானே அழித்துவிட்டாளே! ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போய், பூட்டிய வீட்டின் ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு உள்ளே பார்த்தாள். கூடத்தின் நடுவில் இரண்டு பலகையின் ஓரம் லேசாக மேலே வளைந்திருந்தது. அவளுக்கு மட்டும் தெரிகிற வளைவு. கோபம் கோபமாக வந்தது. முப்பது வருடமாக ஆர் ஆருடைய பிழையையெல்லாம் திருப்பி அனுப்பினாய், இப்ப உன்ரை பிழையைச் சீலைக்குள்ளை ஒளிச்சு வைக்கப் போறியோ என்று தன்னைத்தானே பேசிக்கொண்டு திரும்பி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை லோனெ வந்தார். அறுபது வயது, கட்டை உருவம், நெற்றியில் விளக்கு, கையில் ஒரு பெட்டி. கெல்டுக்குக் கைகொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கதவு, ஜன்னல், பிளக்கு. ஞானேஸ்வரி கடதாசித் துண்டை நீட்ட, அவர் வாங்கிச் செருகி இழுத்துப் பார்த்து, "இது நல்ல யோசனை," என்றார். வேறு நாளாயிருந்தால் அந்த ஒரு சொல்லுக்கு ஒரு கிழமை சந்தோஷமாக இருந்திருப்பாள்.

குளியலறைக்கு வந்ததும் லோனெ ஒரு வாளி கேட்டார். நிறையத் தண்ணீர் பிடித்துத் தரையில் கவிழ்த்தார். நவரத்தினம் உடனே சீலிங்கைப் பார்க்கத் தொடங்கினார். தண்ணீர் நேரே ஓட்டைக்குப் போனது.

அடுத்தது வடக்குப் பக்கப் படுக்கையறை. லோனெ ஈரம் பார்க்கிற மெசினைச் சுவரடியில் வைத்தார். ஒன்றுமில்லை. ஒரு அடி தள்ளி வைத்தார். ஒன்றுமில்லை. இரண்டு பாதியும் சேருகிற மூலையில் வைத்ததும் மெசின் கத்தத் தொடங்கியது. நிற்காமல் கத்தியது. கெல்டின் முகத்தில் ஈயாடவில்லை.

அவ்வளவுதான். கூடத்தில் ஊற்றிய தண்ணீர் படுக்கையறை வரைக்கும் ஊர்ந்து வந்துவிட்டது! நவரத்தினம் அவள் முழங்கையை மெல்லக் கிள்ளினார். பேசாதே என்று அர்த்தம். அவள் கையை உதறினாள்.

"நான் ஊத்தினனான்," என்றாள் டெனிஷில். "வெள்ளிக்கிழமை. கூடத்தில. ரெண்டு வாளி. கெல்ட் ஒரு மணித்தியாலத்துக்குத் திறப்புத் தந்தவன், பால் காய்ச்ச மட்டும் சொன்னவன். நான் தரையைக் கழுவிப்போட்டன்."

நிறோஷினி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். நவரத்தினம் திரும்பச் சீலிங்குக்குப் போனார்.

"ஒப்படைக்க முதல் பாவித்திருக்கிறீர்கள்," என்றான் கெல்ட். கோபமாகச் சொல்லவில்லை, பாவம், பயந்து சொன்னான். திறப்புக் கொடுத்தவன் அவன்தானே. "அப்படியென்றால் இந்த ஈரம்…"

லோனெ கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். "எவ்வளவு தண்ணீர் வெளியே போனது?"

"அரை வாளிகூட இல்லை."

"மிச்சம்?"

"அதுதான் தெரியேல்லை. காணாமல் போட்டுது."

லோனெயின் கண் சுருங்கியது. கூடத்துக்குப் போனார். மெசினைத் தரை முழுக்க வைத்து வைத்துப் பார்த்தார். வளைந்த இரண்டு பலகையில் கொஞ்சம் ஈரம் காட்டியது, மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. "ஒன்றரை வாளித் தண்ணீர் இந்தத் தளத்துக்குக் கீழே நின்றிருந்தால் இது இப்படி இருக்காது," என்று தனக்குள் சொன்னார். பிறகு நடுவில் ஓடிய அந்த மரப்பட்டியைப் பார்த்து, "இதைக் கழற்றுங்கள்," என்றார்.

"அதற்குக் கீழே நாடா ஒட்டியிருக்கிறது," என்றான் கெல்ட்.

"கழற்றுங்கள்."

பட்டி வந்தது. ஐந்து பேரும் குனிந்தார்கள். கீழே நாடா இல்லை. ஒரு விரல் நுழைகிற இடைவெளி. அதற்குள்ளிருந்து வந்த காற்று ஞானேஸ்வரியின் கன்னத்தில் பட்டது. இடைவெளியின் இரண்டு பக்க மரத்திலும், மேலிருந்து கீழ்வரைக்கும், பளிச்சென்று மஞ்சள் ஒழுகியிருந்தது.

"இது என்ன நிறம்?"

"மஞ்சள்," என்றாள் ஞானேஸ்வரி. "கறிக்குப் போடுறது. சாமிக்கும் போடுவம்."

லோனெ வெளியே போய், வீட்டின் அடிப்பலகையைத் திறந்து, நெற்றி விளக்கோடு தவழ்ந்து உள்ளே போனார். காலணி மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளிருந்து அவர் குரல் வந்தது. "இங்கே இருக்கிறது உங்கள் தண்ணீர்! மணலில், நீளமாக, மஞ்சளாக. நேரே விழுந்திருக்கிறது. எங்கும் தங்கவில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "படுக்கையறைக்குக் கீழே மஞ்சள் இல்லை. அங்கே மேலிருந்து வருகிறது. மழை," என்றது குரல்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தார்கள். கூரையிலும் அதே கதைதான். வீட்டைச் சேர்த்த அன்றைக்கு ஏதோ அவசரத்தில் ஒரு நீளத்துக்கு நாடா ஒட்டாமலே மூடிவிட்டிருக்கிறார்கள். மேலால் மழை இறங்க, கீழால் குளிர் ஏற, நடுவில் வழுவழுப்பான பட்டி.

கெல்ட் தாடியைத் தடவிக்கொண்டு நின்றான். "தண்ணீர் ஊற்றியது அவர்தான்…" என்று இழுத்தான்.

"ஊற்றியது அவர். வழி விட்டது யார்?" என்றார் லோனெ, முழங்கால் மணலைத் தட்டிக்கொண்டே. பிறகு ஞானேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "இருபது வருடமாக வீடு பார்க்கிறேன். படுக்கையறை ஈரத்தை எப்படியும் பிடித்திருப்பேன், மூலையைத் திருத்து என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். இந்தப் பட்டியைக் கழற்றச் சொல்லியிருக்க மாட்டேன். தண்ணீர் காணாமல் போனது என்று நீங்கள் சொன்னதால்தான் கழற்றினேன்."

போன உயிர் திரும்பி வந்தது. ஞானேஸ்வரி அந்த இடத்திலேயே, கூடத்தின் நடுவில், காய்ந்த தரையில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான். நாலு நாளுக்குப் பிறகு வாயில் முதலில் வந்த சொல் "எனக்குப் பசிக்குது" என்பதுதான்.

"நான் சொன்னனான், வாயைக் குடுக்காதையும் எண்டு," என்றார் நவரத்தினம்.

"ஓம், சொன்னனீங்கள். இனிச் சொல்லாதேங்கோ."

அன்றைக்கு ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. கூரையிலிருந்து தரைவரைக்கும் சேர்வையைத் திறந்து, ஈரத்தை உலர்த்தி, ஒழுங்காக ஒட்டிப் படம் எடுத்துக் காட்டிய பிறகே ஒப்படைப்பு என்று லோனெ எழுதினார். வீட்டு நிறுவனம் ஒத்துக்கொண்டது. பிந்துவது தங்களால் என்றபடியால், அதுவரை இருக்க ஒரு சின்ன வீடும் அவர்களே பிடித்துத் தந்தார்கள். எழுதி முடியும் தறுவாயில் ஞானேஸ்வரி லோனெயின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பலகை வளைஞ்சிருக்கு. அதை எழுதேல்லை."

"அது சின்ன விஷயம்."

"அது என்ரை பிழை. எழுதுங்கோ. என்ரை பேரிலை எழுதுங்கோ."

கெல்ட் முதல்முறையாகச் சிரித்தான். எப்படியும் அந்தத் தளத்தைக் கிளப்பத்தானே போகிறோம், இரண்டு பலகையை நான் மாற்றிவிடுகிறேன் என்றான். அவள் விடவில்லை. கடைசி வரியில், வாடிக்கையாளரால் பழுதான பலகை இரண்டு என்று எழுதிய பிறகுதான் கொப்பியை மூடினாள்.

ஜூலை விடுமுறையெல்லாம் கழிந்து வீடு கைக்கு வந்தபோது ஆவணி பிறந்திருந்தது. நல்ல மாதம், வேண்டிய மட்டும் முகூர்த்தம். இதற்காகவா அந்த ஓட்டம் ஓடினோம் என்று நவரத்தினம் தலையில் கைவைத்தார். இரண்டாம் தரம் பால் காய்ச்சினார்கள், இந்த முறை ஊர் கூட்டி. கெல்டும் வந்தான், லோனெயும் வந்தார். சப்பாத்தைச் சொல்லாமலே வாசலில் கழற்றினார்கள்.

ஐயர் மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஞானேஸ்வரி செம்பை எடுத்தாள். கெல்ட் சட்டென்று முன்னுக்கு வந்து, அவளுக்கும் தரைக்கும் நடுவில் நின்றான். அவன் கையில் நன்றாகப் பிழிந்த மொப் ஒன்று இருந்தது. கூடமே சிரித்தது. அவள் மூன்று விரலை நனைத்து, மூன்று துளி மட்டும் தெளித்தாள்.

பால் பொங்கியது. இந்த முறை அவள் கண் பாலில் இருந்தது.